பெட்டியின் பின்பக்கத்துப் பச்சை முனைகள்

கடலூரிலும் புதுச்சேரியிலும் கண்காணிப்புக் கேமரா இல்லாத கடையை இன்று தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். திருப்பாதிரிப்புலியூரின் அடகுக் கடைகள், மஞ்சக்குப்பத்து மருந்தகங்கள், கடலூர் முதுநகரின் ஐஸ் பிளான்ட்டுகள், புதுவை நேரு வீதியின் ஜவுளிக் கடைகள், மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையின் கிடங்குகள் என எங்கு பார்த்தாலும் கூரையோரத்தில் கேமராக்கள் தொங்குகின்றன. கல்லாவுக்குப் பின்னால் ஒரு திரை ஒளிர்கிறது. கேமராப் படங்களைப் பதிவு செய்து அந்தத் திரைக்கு அனுப்புகிற டி.வி.ஆர். அல்லது என்.வி.ஆர். பெட்டியின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர்கள்தான் மிகவும் குறைவு. சற்றே பெரிய மாடல்களில், கேபிள்கள் நுழையும் துளைகளுக்குப் பக்கத்தில், அலாரம் கம்பிகளுக்காக, சிறு திருகுகள் கொண்ட பச்சை நிற டெர்மினல் வரிசை ஒன்று இருக்கும். 1, 2, 3, 4 என்று எண்களும், ‘ஜி’ என்ற எழுத்தும், சற்றுத் தள்ளி ‘என்.ஓ.’, ‘காம்’ என்ற குறிகளும் அதில் பொறிக்கப்பட்டிருக்கும். நான் பழுது பார்க்கச் செல்லும் இடங்களில் பெரும்பாலும் அந்த வரிசை ஒரு கம்பிகூட நுழையாமல், வாங்கி வந்த நாளில் இருந்தது போலவே இருக்கிறது.

கேமரா பொருத்துபவர்கள் திரையை ஒரு வேலையாகவும் அலாரத்தை இன்னொரு வேலையாகவும் பார்க்கிறார்கள். முதல் வேலைக்குக் கூலி உண்டு. இரண்டாவதை யாரும் கேட்பதில்லை என்பதால் செய்வதில்லை. என் கருத்து இதற்கு நேர் எதிரானது. எந்தத் திரையில் எந்தப் படம் எப்போது வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்க வேண்டியதே அந்தப் பச்சை முனைகளில் வந்து சேரும் கம்பிகள்தான். அவை இல்லாத திரை, நடந்து முடிந்த திருட்டை மறுநாள் காலையில் ஓட்டிப் பார்ப்பதற்கு மட்டுமே பயன்படும்.

முதுநகரில் ஓர் ஐஸ் பிளான்ட்டில் இரவுக் காவலுக்கு இருந்த பெரியவர் இதை என்னைவிடச் சுருக்கமாகச் சொன்னார். “தம்பி, ராத்திரி பூரா இந்த டி.வி.யில பதினாறு படம் ஓடுது. எதைப் பார்க்கணும்னு யாரும் சொல்லலையே” என்றார். “நீங்க எதைப் பார்க்கிறீங்க, ஐயா?” என்று கேட்டேன். “கேட்டைத்தான் பார்க்கிறேன். அதைத்தான் ஜன்னல் வழியாவே பார்த்துடலாமே” என்று பதில் வந்தது. அவரைக் குறை சொல்ல வழியே இல்லை. மனிதக் கவனம் நீண்ட நேரம் நிற்காது என்பது காவலாளிகளின் சோம்பலைப் பற்றிய செய்தி அல்ல. இரண்டாம் உலகப் போரின்போது ரேடார் திரைகளின் முன் அமர்ந்திருந்த பிரித்தானிய விமானப் படையினர் சிறு ஒளிப்புள்ளிகளைத் தவறவிட்டது ஏன் என்று ஆராய்ந்த நார்மன் மாக்வொர்த் என்ற உளவியலாளர், கடிகார முள் போன்ற ஒரு குறிமுள் எப்போதாவது ஒருமுறை இரட்டைத் தாவல் தாவுவதைக் கண்டுபிடிக்கும் சோதனையை வடிவமைத்து, 1948இல் முடிவுகளை வெளியிட்டார். பயிற்சி பெற்றவர்களின் கண்டுபிடிக்கும் திறனே முதல் அரை மணி நேரத்துக்குள் குறிப்பிடத்தக்க அளவு சரிந்தது. நம் ஊர்க் காவலாளிக்கோ ஒரு ஷிஃப்ட் என்பது பெரும்பாலும் 12 மணி நேரம்.

கவனத்தை விட்டுவிட்டு வெறும் கணக்காகப் பார்த்தாலும் பதினாறு கட்டத் திரை தேறாது. 1920 × 1080 புள்ளிகள் கொண்ட ஒரு திரையை நாலுக்கு நாலாகப் பிரித்தால் ஒவ்வொரு கட்டத்துக்கும் 480 × 270 புள்ளிகளே கிடைக்கும். ஒரு கிடங்கின் முற்றத்தில் 12 மீட்டர் அகலத்தைக் காட்டும் கேமரா என்றால், அந்தக் கட்டத்தில் ஒரு மீட்டருக்கு 40 புள்ளிகள். கண்காணிப்புக் காணொளிக்கான ஐ.இ.சி. 62676-4 என்ற சர்வதேசத் தரநிலையின் 2014ஆம் ஆண்டுப் பதிப்பு, அங்கே ஓர் ஆள் இருக்கிறார் என்று கண்டறிய மீட்டருக்கு 25 புள்ளிகளும், அவருடைய உடை முதலிய தனிக்கூறுகளைக் கவனிக்க 62 புள்ளிகளும், தெரிந்தவர்தானா என்று இனம் காண 125 புள்ளிகளும், அறியாதவரை ஐயமற அடையாளம் காட்ட 250 புள்ளிகளும் வேண்டும் என்கிறது. ஆக, சிறு கட்டத்தில் நமக்குத் தெரிவது ‘யாரோ நிற்கிறார்கள்’ என்பது மட்டுமே. அதே கேமரா முழுத் திரைக்கு விரியும்போது மீட்டருக்கு 160 புள்ளிகள் கிடைக்கின்றன. நிற்பவர் கணக்குப்பிள்ளையா வெளியாளா என்று அப்போது சொல்லிவிடலாம். இதற்காகக் கேமராவையும் மாற்ற வேண்டியதில்லை, திரையையும் மாற்ற வேண்டியதில்லை. உரிய நேரத்தில் அந்த ஒரு படம் மட்டும் பெரிதாக வர வேண்டும், அவ்வளவே. அதை வரவழைக்கும் வேலை அலாரம் முனையுடையது.

திரை அமைப்பிலிருந்தே தொடங்குகிறேன். இங்கே பிழை இருந்தால் பின்னால் செய்வதெல்லாம் வீண். பெட்டியில் பொதுவாக ஒரு ஹெச்.டி.எம்.ஐ. முனையும் ஒரு வி.ஜி.ஏ. முனையும் இருக்கும். சிறிய மாடல்களில் இரண்டிலும் ஒரே படம்தான் வரும். பெரிய மாடல்களில் இரண்டும் தனித்தனியானவை: ஒன்றில் பதினாறு கட்டங்களை ஓடவிட்டு, மற்றதை அலாரப் படத்துக்கென்றே ஒதுக்கலாம். எந்த வகை உங்களிடம் இருக்கிறது என்பதை இரண்டு திரைகளையும் ஒருசேர மாட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டு அதன் பிறகு திட்டமிடுங்கள். தனித்தனி வகையாக இருந்தால், மவுஸும் மெனுவும் ஒரு நேரத்தில் ஒரு திரையில்தான் வேலை செய்யும் என்பதையும் காவலாளிக்குச் சொல்லிவிட வேண்டும்; இல்லையென்றால் ‘மவுஸ் கெட்டுப்போச்சு’ என்று நள்ளிரவில் அழைப்பு வரும்.

தெளிவுத்திறனைத் தேர்ந்தெடுக்கும்போது ஆசைப்படக் கூடாது. பெட்டி 3840 × 2160 தரும் என்பதற்காக, அதை ஏற்காத பழைய மானிட்டருக்கு அந்த அளவைக் கொடுத்தால் திரை இருண்டுவிடும். மீண்டும் மெனுவுக்குள் போகக்கூட வழி தெரியாது. முதலில் 1080 அளவில் வைத்து, படம் வருகிறது என்று உறுதி செய்துகொண்டு ஏற்றுவதே முறை. கேபிளின் நீளமும் இதோடு சேர்ந்ததுதான். சாதாரண ஹெச்.டி.எம்.ஐ. கேபிளை 10, 15 மீட்டருக்கு மேல் இழுத்தால் படம் வெட்டத் தொடங்கும், உயர் தெளிவுத்திறனில் அதற்கு முன்பே. மவுஸின் யூ.எஸ்.பி. கம்பிக்கோ 5 மீட்டர்தான் வரம்பு. பெட்டி மேல்தளத்து அறையிலும் காவலாளி வாசலிலும் இருக்கும் இடங்களில், கேட்-6 என்ற நெட்வொர்க் கேபிள் வழியே படத்தையும் மவுஸையும் சேர்த்துக் கொண்டுபோகும் எக்ஸ்டெண்டர் ஒன்றை முதலிலேயே மதிப்பீட்டில் எழுதிவிடுங்கள்.

மானிட்டருக்குப் பதில் வீட்டு டி.வி.யை மாட்டுவது நம் பக்கத்துப் பழக்கம். விலை குறைவு, அளவு பெரியது. தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு சங்கடங்கள் உண்டு. டி.வி. தன்னிச்சையாகப் படத்தைச் சற்றுப் பெரிதாக்கி ஓரங்களை வெட்டிவிடும். கேமராவின் பெயரும் நேரமும் அந்த ஓரங்களில்தான் இருக்கின்றன. டி.வி.யின் பட அளவை உள்ளது உள்ளபடியே காட்டும் நிலைக்கு மாற்றினால் இது தீரும். மற்றது இன்னும் மோசமானது: மின்சாரம் போய் வந்ததும் பெட்டி தானாக எழுந்துகொள்ளும், டி.வி.யோ அணைந்தே கிடக்கும், அல்லது தன் முகப்புப் பக்கத்தில் போய் நிற்கும். மின்தடை இல்லாத ஊரில் இது ஒரு பொருட்டே அல்ல. கடலூரிலோ காற்று சற்று பலமாக அடித்தாலே மின்சாரம் நிற்கும். மின்சாரம் வந்ததும் தானாக ஹெச்.டி.எம்.ஐ.க்குப் போகும் வசதி அந்த டி.வி.யில் இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்க்க வேண்டும், திரையையும் யூ.பி.எஸ்.ஸில் சேர்த்துவிட்டால் இன்னும் நல்லது.

கட்டங்களின் வரிசையைப் பெரும்பாலும் யாரும் தொடுவதில்லை. கேமராவை எந்தத் துளையில் மாட்டினார்களோ அந்த வரிசையிலேயே படங்கள் நிற்கும். வாசல் 1, கழிவறைச் சந்து 2, கல்லா 9, பின்வாசல் 14 என்று சிதறிக் கிடந்தால், ஓர் ஆள் வாசலிலிருந்து பின்வாசல் வரை நடப்பதைக் கண் பின்தொடரவே முடியாது. ஆள் நடக்கும் பாதையின் வரிசையிலேயே கட்டங்களை அடுக்க வேண்டும். மெனுவில் இழுத்து வைத்தால் போதும், சில நிமிட வேலை.

இனி பச்சை முனைகள். எண்ணிட்ட உள்ளீட்டு முனை செய்வது மிக எளிய வேலை: தனக்கும் ‘ஜி’ என்ற பொது (கிரவுண்ட்) முனைக்கும் இடையே சுற்று மூடியிருக்கிறதா, திறந்திருக்கிறதா என்று மட்டும் பார்க்கிறது. ஆகவே அங்கே கொண்டுவர வேண்டியது மின்னழுத்தம் இல்லாத வெறும் தொடர்பு, அதாவது ஒரு சுவிட்சின் அல்லது ரிலேயின் (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்சின்) இரு கால்கள். 12 வோல்ட்டை நேரே அந்த முனையில் கொடுத்துப் பெட்டியின் போர்டைக் கெடுத்தவர்கள் உண்டு. எந்த மாடலாவது மின்னழுத்தத்தை ஏற்கும் என்றால் அதன் கையேடு வெளிப்படையாகச் சொல்லும். சொல்லாதவரை ஏற்காது என்றே கொள்ளுங்கள்.

மெனுவில் ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் ‘என்.ஓ.’ அல்லது ‘என்.சி.’ என்று தேர்ந்தெடுக்கச் சொல்லும். இயல்பு நிலையில் சுற்று திறந்திருந்தால் முதலாவது, மூடியிருந்தால் இரண்டாவது. இந்த ஒரு வரியில்தான் முழு அமைப்பின் நம்பகமும் அடங்கியிருக்கிறது என்பதால் சற்று நிதானமாகச் சொல்கிறேன். கதவில் வைக்கும் காந்தத் தொடர்பை எடுத்துக்கொள்வோம். சாதாரண வகையில், கதவு மூடி காந்தம் அருகில் இருக்கும்போது சுற்று மூடியிருக்கும். கதவு திறந்தால் சுற்றும் திறக்கும். அதை ‘என்.சி.’ என்று அமைத்தால், கதவைத் திறந்தாலும் அலாரம், கம்பியை அறுத்தாலும் அலாரம், எலி கடித்தாலும் அலாரம், திருகு தளர்ந்தாலும் அலாரம். இதற்கு நேர்மாறான வகையை வாங்கி ‘என்.ஓ.’ என்று அமைத்தால், கம்பி அறுந்த நாளிலிருந்து அந்தக் கதவுக்குக் காவல் இல்லை. அதைத் திரையும் சொல்லாது, பெட்டியும் சொல்லாது. திருட்டு அலாரத்துக்கென்றே செய்யப்பட்ட பேனல்கள் கம்பியின் கடைசியில் ஒரு ரெசிஸ்டரை வைத்து, அறுந்ததா, ஷார்ட் ஆனதா என்று பிரித்தறியும். சாதாரண டி.வி.ஆர். பெட்டிக்கு அந்த அறிவு கிடையாது. அதனால்தான் ‘என்.சி.’ முறையை நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கடலோரத்தில் இது ஏட்டளவிலான கவலை அல்ல. தேவனாம்பட்டினத்திலும் முதுநகர்த் துறைமுகப் பகுதியிலும் உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சை பூத்துவிடுகிறது. முறுக்கி டேப் சுற்றிய இணைப்புகள் ஓரிரு மழைக்காலத்துக்கு மேல் தாங்குவதில்லை. தொடர்பின் ரெசிஸ்டன்ஸ் மெல்ல மெல்ல ஏறி, ஒரு நாள் பெட்டி அதைத் திறந்த சுற்றாகவே கருதிவிடும். ‘என்.சி.’ அமைப்பில் அது பொய் அலாரமாக வந்து எரிச்சலூட்டும். எரிச்சல் தாங்காமல் உரிமையாளர் ‘என்.ஓ.’வுக்கு மாற்றச் சொல்வார். மாற்றக் கூடாது, இணைப்பைச் சரிசெய்ய வேண்டும். கம்பி முனைகளுக்கு ஃபெரூல் என்ற சிறு உலோகக் குழல் போட்டு, ஜெல் நிரம்பிய இணைப்பான்களைப் பயன்படுத்தி, இணைப்புகளை மழை நுழையாத பெட்டிக்குள், துளை கீழ்நோக்கி இருக்குமாறு வைத்தால் பெரும்பாலான தொல்லை தீரும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையேறியபோது புதுச்சேரியில் ஏறத்தாழ 48 செ.மீ. மழை கொட்டியது. அதற்குப் பின் நான் திறந்து பார்த்த சென்சார் இணைப்புப் பெட்டிகளில், துளை மேல்நோக்கி இருந்தவற்றில் எல்லாம் தண்ணீர் நின்றது.

நீளக் கம்பிகள் இன்னொரு தொல்லையைக் கொண்டுவரும். 230 வோல்ட் கம்பியோடு ஒரே குழாயில் சென்சார் கம்பியை இழுத்தால், மோட்டார் ஓடத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் பொய் அலாரம் வரலாம். முறுக்கிய இணைக் கம்பியைத் தனிக் குழாயில் இழுத்து, பெட்டியின் அருகில் ஒரு சிறு ரிலேயையோ, ஒளி வழியே சைகையைக் கடத்தும் ஆப்டோகப்ளரையோ நடுவில் வைத்தால், இடிமின்னல் காலத்திலும் பெட்டி பிழைத்திருக்க வாய்ப்பு அதிகம். ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை போர்டுகள் சர்வீஸுக்கு வருகின்றன என்பதைப் பார்த்தவர்கள் இந்தச் செலவைப் பற்றிப் பேச மாட்டார்கள்.

எந்தச் சென்சாரை மாட்டுவது என்பதில் ஊரின் வெயிலையும் கணக்கில் கொள்ள வேண்டும். பி.ஐ.ஆர். சென்சார் மனித உடலின் வெப்பக் கதிரையும் பின்புலத்தின் வெப்பக் கதிரையும் ஒப்பிட்டு, வேறுபாடு நகர்வதைத்தான் உணர்கிறது. கத்திரி வெயிலில் தகரக் கூரைக் கிடங்கின் சுவர் 37 டிகிரியை நெருங்கும்போது, ஆளுக்கும் சுவருக்கும் வேறுபாடு குறைந்து சென்சார் மந்தமாகிவிடும். வெப்ப ஈடுகட்டும் வகையையோ, மைக்ரோவேவ் சேர்ந்த இரட்டை வகையையோ அங்கே வைக்க வேண்டும். இன்னொன்று, பி.ஐ.ஆர். தன்னை நோக்கி நேரே வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரையே நன்றாகப் பிடிக்கும். ஆகவே வாசலுக்கு நேர் எதிரே வைக்காமல் பக்கச் சுவரில் வைப்பது நல்லது. சென்சாருக்கு மின்சாரம் நின்றால் அதன் ரிலே திறந்து அலாரம் வரும். இதுவும் குறை அல்ல, பாதுகாப்பே. ஒவ்வொரு மின்தடைக்கும் அலறாமலிருக்க, சென்சாரின் 12 வோல்ட்டை பேட்டரி உள்ள எஸ்.எம்.பி.எஸ். மின்வழங்கியிலிருந்து எடுத்தால் போதும்.

‘கேமராவே அசைவைக் கண்டுபிடிக்கிறதே, தனியாகச் சென்சார் எதற்கு?’ என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. அண்மைக் காலக் கேமராக்கள் மனிதரையும் வாகனத்தையும் தனியே இனம் காண்கின்றன. வெளிச்சம் நன்றாக உள்ள உட்புறத்தில் அது போதுமானதாகவே இருக்கிறது. ஆனால் பழைய வகை அசைவுக் கண்டறிதல், படத்தின் புள்ளிகள் மாறினாலே அசைவு என்று கொள்ளும். இரவில் அகச்சிவப்பு விளக்கைச் சுற்றிப் பூச்சிகள் பறக்கும். லென்ஸின் முன் சிலந்தி வலை கட்டும். கடற்காற்றில் தார்ப்பாய் படபடக்கும். மழைத் தாரைகள் வெள்ளைக் கோடுகளாகத் தெரியும். அத்தனையும் அலாரம். கதவு திறந்ததா இல்லையா என்பதற்குக் காந்தத் தொடர்பு தரும் விடையில் இந்தக் குழப்பம் எதுவும் கிடையாது.

திருடனுக்கு மட்டுமே இந்த முனைகள் என்று நினைக்க வேண்டியதில்லை. ஐஸ் பிளான்ட்டில் அம்மோனியா கசிவைக் காட்டும் கருவியிலிருந்து ஒரு ரிலேத் தொடர்பை இழுத்து இரண்டாவது உள்ளீட்டில் கொடுத்தால், கசிவு தொடங்கியதும் கம்ப்ரசர் அறையின் படம் தானாகத் திரைக்கு வரும். கதவைத் திறக்காமலே உள்ளே ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிடலாம். அம்மோனியா காற்றைவிட இலேசானது என்பதால் அந்தக் கருவி உயரத்தில் இருக்க வேண்டும். ஒரு எச்சரிக்கை: உயிர்காப்புக்கு டி.வி.ஆர். பெட்டியை நம்பக் கூடாது. கசிவுக் கருவிக்கென்று சொந்தச் சைரனும் சொந்தப் பேட்டரியும் இருந்தாக வேண்டும். பெட்டி படம் காட்டுவதற்கு மட்டுமே. அடகுக் கடைக் கல்லாவின் கீழ் வைக்கும் அவசர பட்டன், குளிர்கிடங்கில் வெப்பம் ஏறியதைச் சொல்லும் தெர்மோஸ்டாட், ஜெனரேட்டர் ஓடாததைக் காட்டும் ரிலே என எதையும் இவ்வாறு சேர்க்கலாம்.

இப்போது இரண்டையும் இணைக்கும் இடம். ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் தனித்தனியாக, அலாரம் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம் மெனுவில் இருக்கும். எந்தக் கேமராக்கள் பதிவு செய்ய வேண்டும், எந்தப் படம் முழுத் திரைக்கு வர வேண்டும், ஒலி எழுப்ப வேண்டுமா, கைப்பேசிக்குச் செய்தி போக வேண்டுமா, சுழலும் கேமரா எந்த நிலைக்குத் திரும்ப வேண்டும், எந்த வெளியீட்டு ரிலே இயங்க வேண்டும் என்று வரிசையாகக் கேட்கும். இங்கே எல்லாவற்றையும் டிக் செய்துவிட்டுப் போவதுதான் வழக்கமான கேடு. பின்வாசல் திறந்ததற்குப் பதினாறு கேமராக்களும் முழுத் திரைக்கு வர வேண்டும் என்று அமைத்தால், அவை ஒன்றன்பின் ஒன்றாக மாறி மாறி ஓடும். காவலாளி பின்வாசலைப் பார்ப்பதற்குள் ஆள் போயிருப்பான். ஓர் உள்ளீட்டுக்கு ஒரு கேமரா, மிஞ்சினால் இரண்டு. திரையில் படம் நிற்கும் நேரத்தை விநாடிகளில் கேட்கும். பெட்டியோடு வரும் இயல்பு மதிப்பு பெரும்பாலும் மிகக் குறைவாக இருக்கும். தேநீர் குடிக்க எழுந்தவர் திரும்பி வந்து பார்க்கும் வரை நிற்க வேண்டும் என்று கணக்கிட்டு, அரை நிமிடத்துக்குக் குறையாமல் வைக்கிறேன். இரண்டு திரைகள் உள்ள இடத்தில், அலாரப் படம் எந்தத் திரைக்குப் போக வேண்டும் என்பது வேறொரு பக்கத்தில், திரை அமைப்புகளுக்குள் ஒளிந்திருக்கும். அதை மறந்தால், காவலாளியின் திரை அமைதியாக இருக்க, பூட்டிய மேலாளர் அறையின் திரையில் படம் விரியும்.

பதிவுக்கு முன்நேரம் ஒன்றும் உண்டு. அலாரம் வருவதற்குச் சில விநாடிகள் முந்தைய படத்தையும் சேர்த்து வைக்கும் வசதி அது. கதவு திறந்த பின்தான் தொடர்பு பிரிகிறது. கதவை நோக்கி வந்தவரின் முகமோ அதற்கு முன்பே படத்தில் விழுந்திருக்கும். இதைச் சுழியத்தில் விட்டுவிடாதீர்கள்.

‘என்.ஓ.’, ‘காம்’ என்று குறித்த வெளியீட்டு முனைகளில் சொல்ல வேண்டியது குறைவு. அங்கிருப்பது ஒரு சிறு ரிலே. சிறு பெட்டிகளில் அதன் தாங்குதிறன் பெரும்பாலும் 1 ஆம்பியர் அளவோடு நின்றுவிடும். பெரிய ஹூட்டரையோ 230 வோல்ட் விளக்கையோ அதில் நேரே மாட்டாமல், இடையில் ஒரு 12 வோல்ட் ரிலேயைப் போட்டு அதன் மூலம் இயக்க வேண்டும். அந்த ரிலேயின் சுருளுக்குக் குறுக்கே 1என்4007 டையோடு ஒன்றைத் தலைகீழாக வைத்தால், சுருள் அணையும்போது எழும் மின்னழுத்தம் பெட்டியின் தொடர்பை அரிக்காது. சைரன் எவ்வளவு நேரம் ஒலிக்க வேண்டும் என்பதும் மெனுவில் உண்டு. ‘கையால் நிறுத்தும் வரை’ என்ற தேர்வைக் குடியிருப்புப் பகுதியில் வைப்பது அயலாரிடம் வம்பை விலைக்கு வாங்குவதாகும். இரவு 10 மணிக்குப் பிறகு குடியிருப்புப் பகுதியின் ஒலி வரம்பு 45 டெசிபல் என்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன; சைரன்களோ 100 டெசிபலைத் தாண்டுபவை. இரண்டு நிமிடம் ஒலித்து நின்றுவிட்டு, விளக்கு மட்டும் தொடர்ந்து எரிவது போதும்.

அலாரம் பெருகினால் என்ன ஆகும் என்பதற்குக் கடலூர் சிப்காட்டில் வேலை செய்பவர்களுக்கு விளக்கம் தேவையிருக்காது. இரசாயனத் தொழிலில் அது பழைய பாடம். 1994 ஜூலை 24 அன்று வேல்ஸில் மில்ஃபர்ட் ஹேவன் சுத்திகரிப்பு ஆலையில் வெடிப்பு நிகழ்வதற்கு முந்தைய ஏறத்தாழ 11 நிமிடங்களில், ஆலையை இயக்கிய இருவர் 275 அலாரங்களைப் பார்த்து, ஏற்று, நடவடிக்கை எடுக்க வேண்டியிருந்தது என்று விசாரணை அறிக்கை பதிவு செய்தது. முக்கியமானது எது என்று அவர்களால் பிரிக்க முடியவில்லை. அதன் பின் தொழிற்சாலை அலாரங்களுக்காக எழுதப்பட்ட, ஈ.ஈ.எம்.யூ.ஏ. என்ற பொறியியல் பயனர் சங்கத்தின் 191ஆம் எண் வழிகாட்டி, இயல்பான இயக்கத்தில் ஒருவருக்கு சராசரியாக 10 நிமிடத்துக்கு ஓர் அலாரத்துக்கும் குறைவாக வந்தால்தான் ஏற்கத்தக்கது என்கிறது. ஒரு கிடங்கின் காவலாளிக்கு அதுவே மிக அதிகம். இரவில் மூன்று நான்கு பொய் அலாரம் வந்தாலே, அந்த வாரக் கடைசிக்குள் சைரன் கம்பியை யாராவது பிடுங்கி வைத்திருப்பார்கள்.

பொய் அலாரத்தைக் குறைக்க முதல் வழி காவல் நேர அட்டவணைதான். பெட்டியோடு வருவது பெரும்பாலும் 24 மணி நேரமும் விழித்திருக்கும் அட்டவணை. அதை மாற்றுபவர்கள் இரவு 9 முதல் காலை 6 வரை என்று வைத்துவிட்டுப் போகிறார்கள். துறைமுகத்தை ஒட்டிய ஐஸ் பிளான்ட்டில் அதிகாலை 3 மணிக்குத்தான் வேலையே சூடு பிடிக்கும். அங்கே பின்வாசலுக்கு ஓர் அட்டவணை, அலுவலக அறைக்கு வேறு அட்டவணை, கசிவுக் கருவிக்கு எப்போதும் என்று உள்ளீடுவாரியாகப் பிரிக்க வேண்டும். புதுவை காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை நடக்கும் நாளில் அங்குள்ள கடையின் முன்பக்கச் சென்சாருக்கு ஓய்வு கொடுத்தே ஆக வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் ஐஸ் பிளான்ட்டின் நடைமுறையே மாறிவிடும். ஆள் நடமாட்டம் குறைவதால் அப்போது அட்டவணையை இறுக்கலாம்.

ஆண்டுச் சோதனைக்கும் அந்த மாதங்கள்தாம் வசதியானவை. மெனுவில் இருக்கும் சோதனைப் பட்டனை அழுத்திப் பார்ப்பது சோதனை ஆகாது. அது ரிலே இயங்குகிறது என்பதை மட்டுமே சொல்லும். கதவை உண்மையாகவே திறக்க வேண்டும். சென்சாரின் முன் ஓர் ஆள் நடக்க வேண்டும். ஒரு கம்பியைக் கழற்றி, அலாரம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரியில் எல்லாம் ஓடுகிறதா, மின்சாரம் திரும்பியதும் திரை தன் இடத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு நிகழ்வுப் பட்டியலைத் திறந்து, நேரம் சரியாகப் பதிவாகியிருக்கிறதா என்று கைக்கடிகாரத்தோடு ஒப்பிட வேண்டும். இணையத்தோடு சேராத பெட்டிகளில் கடிகாரம் சில நிமிடங்கள் விலகியிருப்பது சாதாரணம், அந்தச் சில நிமிடங்கள் காவல் நிலையத்தில் பெரிய கேள்வியாகிவிடும்.

எல்லாம் சரியென்று ஆனதும் அமைப்புகளை ஒரு பென்டிரைவில் ஏற்றுமதி செய்து உரிமையாளரிடம் கொடுக்கலாம். ஆனால் அந்தக் கோப்பை அதே மாடல் பெட்டிதான் பொதுவாக ஏற்கும், பெட்டி பழுதாகி மாற்றும் நாளில் அந்த மாடல் சந்தையில் இருக்காது. ஆகவே உள்ளீட்டு எண், கதவின் பெயர், ‘என்.ஓ.’வா ‘என்.சி.’யா, எந்தக் கேமரா, எந்தத் திரை, எத்தனை விநாடி, கம்பியின் நிறம் என்று ஏழு பத்திகளில் ஓர் அட்டவணையைத் தமிழில் எழுதி, லேமினேட் செய்து, பெட்டி இருக்கும் அலமாரிக் கதவின் உட்புறத்தில் ஒட்டிவிடுகிறேன். அடுத்து அந்த அலமாரியைத் திறப்பவர் நானாக இல்லாமலும் இருக்கலாம்.